பழைய வீடியோ கேமும் புதிய டிவியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பழைய வீடியோ கேம் கருவிகளைப் புதிய எல்இடி டிவிகளில் இணைப்பது குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைத்தான் சொல்கின்றன: படம் மங்கலாக இருக்கிறது. காரணம் மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. ஒன்றுபோல் இருந்த கடிதங்களைச் சேர்த்துக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பதில்களைச் சுருக்கவில்லை.

கேள்வி: என்னிடம் உள்ள பிளேஸ்டேஷன் 2, பழைய 21 அங்குல டியூப் டிவியில் நன்றாகவே தெரிந்தது. இப்போது வாங்கியிருக்கும் 43 அங்குல 4கே டிவியில் அதே மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயரைச் செருகினால் முகங்கள் மங்கித் தெரிகின்றன. எழுத்துகளின் ஓரங்களில் புள்ளிகள் ஊர்ந்துகொண்டே இருக்கின்றன. குறை டிவியிலா, கேமிலா? – வாசகர், திருச்சி

பதில்: இரண்டிலும் இல்லை. நடுவே போகும் மஞ்சள் ஒயரில் பாதிக் குறை இருக்கிறது. மீதிப் பாதி, சிறிய படத்தைப் பெரிய திரையில் விரிப்பதால் வருகிறது.

விரிப்பதை முதலில் பார்ப்போம். பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களில் பல, 640-க்கு 448 பிக்சல் அளவில் வரையப்பட்டவை. அதாவது ஏறத்தாழ 2.87 லட்சம் பிக்சல்கள். உங்கள் 4கே திரையில் இருப்பவை 3840-க்கு 2160, ஏறத்தாழ 83 லட்சம். ஆட்டத்தின் ஒரு பிக்சல் இருந்த இடத்தைச் சுமார் 29 பிக்சல்கள் நிரப்ப வேண்டியிருப்பதால், இடையில் எந்த நிறத்தை இடுவது என்பதை டிவியே கணித்துக்கொள்கிறது. பழைய டியூப் டிவிக்கு இந்த வேலை கிடையாது. வந்த சிக்னலுக்கு ஏற்ப எலக்ட்ரான் கற்றை வரிவரியாக ஓடிப் படத்தை வரைந்துவிடும். அந்தத் திரையின் இயல்பான மென்மையில் மறைந்திருந்த குறைகளை, அதைவிட இரு மடங்கு நீளமான திரையின் முன்னால் அதே தூரத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது மறைக்க வழியில்லை.

இனி மஞ்சள் ஒயர். காம்போசிட் எனப்படும் இந்த இணைப்பில், படத்தின் வெளிச்ச அளவும் நிறத் தகவலும் ஒரே கம்பியில் அனுப்பப்படுகின்றன. நம் நாட்டில் இருந்த பிஏஎல் தொலைக்காட்சி முறையில் நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையிலும், அமெரிக்க, ஜப்பானிய என்டிஎஸ்சி முறையில் 3.58 மெகாஹெர்ட்ஸ் அலையிலும் ஏற்றப்படுகிறது. படத்தின் நுண்ணிய விவரங்களும் ஏறத்தாழ அதே அலைவரிசைப் பகுதியில்தான் இருக்கின்றன. இதனால், டிவி இவற்றைப் பிரிக்க முயலும்போது நிறத்தின் ஒரு பகுதியை விவரமாக எடுத்துக்கொண்டால் எழுத்தோரங்களில் நீங்கள் சொல்லும் ஊரும் புள்ளிகள் தோன்றுகின்றன. விவரத்தை நிறமாக எடுத்துக்கொண்டால் மெல்லிய கோடுகளின் மீது வானவில் சாயல் படிகிறது. எந்தப் புதிய டிவியாலும் இதை முழுமையாகச் சரிசெய்ய முடியாது. பாலும் நீருமாகக் கலந்து வந்ததைப் பிரித்தெடுக்கும் அன்னப்பறவை அதற்குள் இல்லை.

ஆகவே கலக்காமல் அனுப்புவதுதான் வழி. பிளேஸ்டேஷன் 2-க்கு அந்த வசதி பிறவியிலேயே உண்டு. பின்பக்கம் இருக்கும் அதே ஏவி சாக்கெட்டில் காம்பொனென்ட் கேபிளையும் செருகலாம். அதன் மறுமுனையில் ஐந்து பின்கள் இருக்கும்: படத்துக்குப் பச்சை, நீலம், சிவப்பு, ஒலிக்கு வெள்ளையும் இன்னொரு சிவப்பும். இந்த இரண்டு சிவப்புகளை மாற்றிச் செருகிவிட்டு, கேபிள் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. பச்சை, நீலத்துடன் ஒரே கட்டாக வரும் சிவப்பே படத்துக்கு உரியது. வெள்ளையுடன் வருவது ஒலிக்கு உரியது.

கேபிளை மாற்றும் முன், மஞ்சள் ஒயர் இணைப்பில் இருக்கும்போதே ஒரு வேலையை முடித்துக்கொள்ளுங்கள். டிஸ்க் எதுவும் போடாமல் கருவியை இயக்கி, ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ பகுதிக்குள் சென்று, ‘காம்பொனென்ட் வீடியோ அவுட்’ என்ற வரியில் ‘ஆர்ஜிபி’ என்று இருந்தால் அதை ‘ஒய்’ என்ற எழுத்தில் தொடங்கும் மற்றத் தேர்வுக்கு மாற்றிவிடுங்கள். மாற்றாமல் விட்டால் நிறங்கள் எல்லாம் தப்பாக வரும். டிவியின் பக்கமும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல டிவிகளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஒரே சாக்கெட்தான். ரிமோட்டில் ‘ஏவி’யைத் தேர்ந்தெடுத்தபடியே விட்டுவிட்டால் படம் கறுப்பு வெள்ளையாக வரும், ‘காம்பொனென்ட்’ என்று மாற்றினால் நிறம் வந்துவிடும்.

ஊரும் புள்ளிகள் இந்த ஒரு மாற்றத்திலேயே அடியோடு நின்றுவிடும். படம் இன்றைய ஆட்டங்களின் கூர்மைக்கு வராது. ஆனால் முகம் முகமாகத் தெரியும், மெனுவில் உள்ள சிறிய எழுத்துகளைப் படிக்க முடியும். சில ஆட்டங்கள், குறிப்பாக அமெரிக்கப் பதிப்புகள், 480பி என்ற, எல்லா வரிகளும் ஒரே ஓட்டத்தில் வரும் படத்தையும் தரும். அவற்றில் சிலவற்றில் அமைப்புகள் பகுதியிலேயே அதற்கான தேர்வு இருக்கும். வேறு சிலவற்றில் ஆட்டம் ஏறும்போது முக்கோணப் பொத்தானையும் குறுக்குப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்திருக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் டிவியில் காம்பொனென்ட் சாக்கெட்டே இல்லை. சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஏவி – ஹெச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டியை வாங்கி இணைத்தேன். பெட்டியின் மேல் 1080பி என்று அச்சிட்டிருக்கிறார்கள். படம் தெளிவாகவில்லை என்பதோடு, ஆட்கள் எல்லோரும் குண்டாகவும் தெரிகிறார்கள். – வாசகர், சேலம்

பதில்: அந்த 1080பி, பெட்டியிலிருந்து வெளியே போகும் படத்தின் அளவு; உள்ளே வருவது பழைய மஞ்சள் ஒயரின் படமேதான். டிவி செய்துகொண்டிருந்த விரிக்கும் வேலையை இப்போது பெட்டி செய்கிறது; பெரும்பாலும் டிவியைவிட மோசமாகவே செய்கிறது. சாக்கெட்டே இல்லாத டிவியில் ஏதாவது ஒரு படம் வர வேண்டும் என்றால் இது உதவும். தெளிவுக்காக வாங்குவது வீண்.

ஆட்கள் குண்டாகத் தெரிவது 4:3 வடிவப் படத்தை 16:9 திரைக்கு இழுப்பதால். ரிமோட்டில் படத்தின் அளவை 4:3 ஆக்குங்கள். முழு ஹெச்டி திரையின் 1920 பிக்சல் அகலத்தில் 1440-ஐ மட்டும் படம் எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டை இருக்கத்தான் வேண்டும். சில டிவிகள் ஹெச்டிஎம்ஐ வழியாக வரும் 1080பி படத்துக்கு இந்தத் தேர்வைக் கொடுக்காது. வாங்கும் பெட்டியிலேயே 4:3 பொத்தான் இருக்கிறதா என்று அதனால்தான் பார்க்கச் சொல்கிறோம்.

இன்னொரு எச்சரிக்கை: கடைகளில் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு பெட்டிகள் இருக்கும். ஒன்று ஏவியை ஹெச்டிஎம்ஐ ஆக்குவது, மற்றொன்று ஹெச்டிஎம்ஐயை ஏவி ஆக்குவது. உங்களுக்குத் தேவை முதலாவது. மாற்றி வாங்கினால் படமே வராது.

உங்களிடம் இருப்பது பிளேஸ்டேஷன் 2 என்றால், அதன் பின்சாக்கெட்டில் நேரடியாகச் செருகும் விரல் நீள ஹெச்டிஎம்ஐ அடாப்டர் இந்தப் பெட்டியைவிட நல்லது; அது மஞ்சள் சிக்னலை விட்டுவிட்டுக் காம்பொனென்ட் சிக்னலை எடுத்துக்கொள்கிறது. திருச்சி வாசகருக்குச் சொன்ன அந்த அமைப்பு மாற்றம் இதற்கும் தேவை. ஆனால் இதே கருவியில் பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்கைப் போட்டால் பல டிவிகள் ‘சிக்னல் இல்லை’ என்று சொல்லிவிடும். அந்த டிஸ்க்குகள் 240பி என்ற வேறு வகைப் படத்தைத் தருகின்றன. அடாப்டர் அதை அப்படியே கடத்திவிடுகிறது. வீட்டில் பிளேஸ்டேஷன் 3 இருந்தால் அந்த டிஸ்க்குகளை அதில் போட்டுப் பாருங்கள். அதன் எல்லா மாடல்களும் பிளேஸ்டேஷன் 1 டிஸ்க்குகளை ஹெச்டிஎம்ஐ வழியாகவே ஓட்டும். டிஸ்க் அசலாகவும், கருவியின் பிராந்தியத்துக்குப் பொருந்துவதாகவும் இருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளை ஓட்டுபவை அதன் தொடக்க கால மாடல்களில் சில மட்டுமே.

கேள்வி: பழைய சேகா மெகா டிரைவ் வைத்திருக்கிறேன். கதாநாயகன் அடிபட்டால் சில விநாடிகள் மின்னி மின்னி மறைவான். புதிய டிவியில் அந்த நேரத்தில் அவன் உடல் முழுக்கக் கிடைக்கோடுகளாகத் தெரிகிறது; சில சமயம் ஆளே காணாமல் போகிறான். இது என்ன கோளாறு? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வந்த கடிதங்களில் நாங்கள் மிகவும் ரசித்த கேள்வி இது. நீங்கள் கண்ணால் பார்த்துச் சொல்லும் இந்த ஒரு அறிகுறியே நோயின் பெயரைச் சொல்லிவிடுகிறது. (மெகா டிரைவ் 1995-இல் ஷா வாலஸ் நிறுவனம் வழியாக இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 18,000 ரூபாய். இன்னும் ஓடும் நிலையில் வைத்திருப்பவர் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள்தான்.)

அக்காலத்துத் தொலைக்காட்சிப் படம் இரண்டு பாதிகளாக வந்தது. முதல் ஓட்டத்தில் ஒற்றைப்படை வரிகள், அடுத்த ஓட்டத்தில் அவற்றின் இடைவெளியில் இரட்டைப்படை வரிகள். என்டிஎஸ்சி முறையில் மொத்தம் 525 வரிகள். ஓர் ஓட்டத்துக்கு 262.5. அந்த அரை வரிதான் இரண்டாவது ஓட்டத்தைச் சற்றே கீழே தள்ளி இடைவெளியில் உட்கார வைக்கிறது. மெகா டிரைவ் போன்ற கருவிகளை வடிவமைத்தவர்கள் அந்த அரை வரியை விட்டுவிட்டு 262 வரிகளை மட்டும் அனுப்பினார்கள். விளைவாக ஒவ்வொரு ஓட்டமும் அதே இடத்தில் விழுந்தது. பாதிப் பாதியாக வரும் படத்தின் நடுக்கம் போய், விநாடிக்கு 60 முழுமையான படங்கள் கிடைத்தன. இதையே 240பி என்கிறோம். தொலைக்காட்சித் தரத்தில் இப்படி ஒன்று எழுதப்படவே இல்லை. ஆனால் டியூப் டிவி வரிகளை எண்ணிப் பார்ப்பதில்லை, வந்ததை வரைந்துவிடும்.

புதிய டிவி எண்ணிப் பார்க்கிறது. அதன் பட்டியலில் ‘480ஐ’ எனப்படும் அந்தப் பாதிப் பாதியாக வரும் படம் உண்டு, 240பி பெரும்பாலும் இல்லை. ஆகவே அடுத்தடுத்து வரும் இரண்டு தனிப் படங்களை ஒரே படத்தின் இரு பாதிகள் என்று எடுத்துக்கொண்டு பின்னிவிடுகிறது. உங்கள் கதாநாயகன் ஒரு படத்தில் இருக்கிறான், அடுத்ததில் இல்லை; இரண்டையும் பின்னினால் ஒரு வரி விட்டு ஒரு வரி அவன் இருப்பான். அதுதான் நீங்கள் பார்க்கும் கிடைக்கோடு. பின்னாமல் ஒரு பாதியை மட்டும் டிவி தேர்ந்தெடுக்கும் நேரங்களில் அவன் இருக்கும் படங்கள் எல்லாம் விட்டுப்போகலாம். அப்போது ஆளையே காணோம். நிழலைக் காட்டவும், புகை மூட்டம் போன்ற பாதி ஒளி ஊடுருவும் பொருள்களைக் காட்டவும் இதே மின்னி மறையும் உத்தியை அக்காலத்தில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். அவையும் இப்படியே கெடும்.

இதற்கு மருந்து, 240பி இன்னதென்று தெரிந்த ஒரு ஸ்கேலர், அதாவது படத்தைப் பெரிய திரைக்கு ஏற்ப விரித்துக் கொடுக்கும் பெட்டி. பின்லாந்தைச் சேர்ந்த மார்க்குஸ் ஹீன்காரி வடிவமைத்த ஓஎஸ்எஸ்சி, ஒவ்வொரு வரியையும் வந்தவுடனேயே இரண்டாகவோ மூன்றாகவோ ஐந்தாகவோ திரும்ப எழுதி ஹெச்டிஎம்ஐயில் அனுப்பிவிடும். முழுப் படத்தையும் நினைவகத்தில் வாங்கி வைப்பதில்லை என்பதால் தாமதம் என்று சொல்லும்படி எதுவும் இராது. ஆனால் அதில் மஞ்சள் ஒயருக்கு இடமில்லை. ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் தனித்தனியாக வரும் சிக்னல்) அல்லது காம்பொனென்ட் வேண்டும். மேலும் நான்கு, ஐந்து மடங்கு முறைகளை ஏற்காத டிவிகள் உண்டு. இரு மடங்கைப் பெரும்பாலானவை ஏற்கும். அமெரிக்காவின் மைக் சி வடிவமைக்கும் ரெட்ரோடிங்க் வரிசையில் மஞ்சள் ஒயரையும், வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் எஸ்-வீடியோவையும் ஏற்பவை இருக்கின்றன. அதன் 4கே வகை 2023-இன் இறுதியில் 750 டாலர் விலையில் வந்தது. 240-ஐ ஒன்பதால் பெருக்கினால் 2160. 4கே திரையில் ஒவ்வொரு வரியும் மிச்சமில்லாமல் ஒன்பது வரிகளாகப் பொருந்திவிடுகிறது. முழு ஹெச்டியில் இதே கணக்கு நான்கரை மடங்கு என்று வந்து நிற்கிறது. அரை வரியை எந்தத் திரையிலும் போட முடியாது. சில வரிகள் தடிப்பாகவும் சில மெலிதாகவும் விழும், அல்லது நான்கு மடங்கோடு நிறுத்திக்கொண்டு மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விட வேண்டும்.

ஒரே ஒரு மெகா டிரைவுக்காக 750 டாலர் கொடுப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் கருவியே ஆர்ஜிபி சிக்னலைப் பின்பக்க வட்டச் சாக்கெட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. முதல் மாடலில் 8 பின், இரண்டாவது மாடலில் அதைவிடச் சிறிய 9 பின் சாக்கெட். அதற்கு ஏற்ற கேபிளும் ஓஎஸ்எஸ்சி வகை ஒன்றும் போதும். அந்தக் கேபிளின் மறுமுனையில் இருப்பது ஐரோப்பாவில் வழங்கிய ஸ்கார்ட் இணைப்பு; அது நம் டிவிகளில் வழக்கத்துக்கு வராததால் கேபிள் உள்ளூர்க் கடையில் கிடைப்பது கடினம். வெளியூரிலிருந்துதான் தருவிக்க வேண்டியிருக்கும். வாங்குமுன் மாடல் எதுவென்று சொல்லி வாங்குங்கள். முதல் மாடலின் பின்பக்கச் சாக்கெட்டில் ஒற்றை ஒலி மட்டுமே வரும். இரட்டை ஒலி முன்பக்க ஹெட்போன் துளையில்தான் உண்டு.

கேள்வி: பொத்தானை அழுத்திய பிறகு சற்று தாமதித்துத்தான் ஆள் குதிக்கிறான். வயதாகிவிட்டதா, டிவியா? – வாசகி, சென்னை

பதில்: டிவிதான். விநாடிக்கு 60 படங்கள் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லிவிநாடி. படத்தைக் கூராக்குவது, இரைச்சல் நீக்குவது, அசைவை மென்மையாக்குவது என்று டிவி ஒவ்வொன்றுக்கும் சில படங்களை நிறுத்திவைத்துப் பார்ப்பதால் மொத்தத் தாமதம் 100 மில்லிவிநாடியைத் தாண்டுவதும் உண்டு; அதாவது ஆறு படங்கள். ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள். அது ஏவி இணைப்புக்குக் கிடைக்காத டிவிகளில் இந்த வசதிகளை ஒவ்வொன்றாகக் கையால் நிறுத்துங்கள். ‘ஷார்ப்னெஸ்’ எண்ணையும் நன்றாகக் குறைத்துவிடுங்கள். பழைய கேம் படத்தில் அது புதிதாக எந்த விவரத்தையும் கொண்டுவராது, ஓரங்களில் வெள்ளைக் கோடு போடுவதோடு சரி.

கேள்வி: லண்டனில் இருக்கும் பெரியம்மா வீட்டிலிருந்து ஒரு பழைய மெகா டிரைவ் வந்தது. இணையத்தில் அமெரிக்கர்கள் ஆடும் அதே ஆட்டம் வேகமாக ஓடுகிறது. எங்களிடம் மெதுவாக ஓடுவதோடு, மேலும் கீழும் கறுப்புப் பட்டையும் விழுகிறது. டிவியில் மாற்ற முடியுமா? – வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: முடியாது, டிவி இதில் குற்றமற்றது. இலங்கையைப் போலவே பிரிட்டனிலும் இருந்தது 625 வரி, விநாடிக்கு 50 படம் கொண்ட பிஏஎல். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 525 வரி, விநாடிக்கு 60 படம். பல ஆட்டங்களில் ஒரு படம் வரைந்தால் ஓர் அடி நகர்வது என்று கணக்கு வைத்து எழுதியிருப்பதால், 60-ஐ 50 ஆக்கியவுடன் ஆட்டமும் இசையும் ஏறத்தாழ 17 சதவீதம் மெதுவாகிவிடுகின்றன. 525 வரிக்காக 224 வரிகளில் வரைந்த படத்தை 625 வரித் திரையில் போட்டால் மேலும் கீழும் இடம் மிஞ்சுகிறது; அந்தப் பட்டை அதுதான். சில நிறுவனங்கள் ஐரோப்பியப் பதிப்புக்கென்று வேகத்தைத் திருத்தி எழுதின. பல, அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

சேகாவின் பிந்தைய கருவியான டிரீம்காஸ்ட், பிளேஸ்டேஷன் 2 காலத்துக்கு வந்தால் ஐரோப்பியப் பதிப்புகளில் பலவற்றில் ஆட்டத் தொடக்கத்திலேயே 60 ஹெர்ட்ஸ் தேர்வு உண்டு. இன்றைய டிவிகள் அதைத் தயங்காமல் ஏற்கும். மெகா டிரைவில் அந்தத் தேர்வு இல்லை. உள்ளே ஒரு சுவிட்ச் வைத்து 60-க்கு மாற்றித் தரும் மெக்கானிக்குகள் உண்டு. நடுங்காத கையோடு சால்டரிங் செய்யத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். லண்டன் கருவியின் அடாப்டர் நம் வீட்டு மின்சாரத்துக்கு ஒத்துவரும். நாளை அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ ஒன்று வந்தால் அதை அப்படியே செருகிவிடாதீர்கள். அவை 120, 100 வோல்ட்டுக்குச் செய்தவை. 230 வோல்ட்டில் அடாப்டர் கருகும், சில சமயம் கருவியையும் கூடவே கொண்டுபோகும்.

கேள்வி: மெகா டிரைவுக்கு நல்ல ஆர்ஜிபி கேபிள் போட்ட பிறகு சோனிக் ஆட்டத்தின் அருவி, அருவியாகவே தெரியவில்லை, செங்குத்துக் கோடுகளாகத் தெரிகிறது. மஞ்சள் ஒயரில் பின்னால் இருப்பதெல்லாம் தண்ணீர் வழியாகத் தெரிந்தது. செலவு செய்து கெடுத்துக்கொண்டேனா? – வாசகர், மதுரை

பதில்: கெடுக்கவில்லை, ஓவியர்கள் மறைத்து வைத்ததைப் பார்த்துவிட்டீர்கள். 1991-இல் வந்த அந்த ஆட்டத்தில் உண்மையான ஒளி ஊடுருவல் கிடையாது. மெகா டிரைவ் 512 நிறங்களிலிருந்து ஒரு நேரத்தில் 60 சொச்சம் நிறங்களையே சாதாரணமாகக் காட்டும். ஆகவே தண்ணீரை ஒரு பிக்சல் நீலம், ஒரு பிக்சல் காலி என்று நெடுங்கோடுகளாக வரைந்தார்கள். மஞ்சள் ஒயரின் மங்கலும் டியூப் டிவியின் மென்மையும் அந்தக் கோடுகளைக் குழைத்துத் தண்ணீராக்கின. பிளேஸ்டேஷன் 1 ஆட்டங்களில் சுவரிலும் வானத்திலும் தெரியும் பொடிப் புள்ளிகளும் இதே வகையைச் சேர்ந்தவை; குறைந்த நிறங்களைக் கொண்டு நிறைய நிறங்கள் இருப்பதாகக் காட்டும் உத்தி.

பக்கவாட்டில் மட்டும் லேசாக மென்மையாக்கும் வசதியும், வரிகளுக்கு இடையே மெல்லிய கருங்கோடு போட்டு டியூப் டிவியைப் போலக் காட்டும் வசதியும் சில ஸ்கேலர்களில் உண்டு. இரண்டையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். கருங்கோடு வெளிச்சத்தைக் குடிக்கும் என்பதால் டிவியின் பின்வெளிச்சத்தைக் கூட்ட வேண்டியிருக்கும். இல்லையென்றால் இந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் மஞ்சள் ஒயருக்குத் திரும்புங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

கேள்வி: பழைய டிவி கேமில் வாத்து சுடும் துப்பாக்கி புதிய டிவியில் வேலையே செய்யவில்லை. என்ன கேபிள் வாங்க வேண்டும்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: எந்தக் கேபிளும் உதவாது. நீங்கள் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி, முதலில் இருட்டையும் அடுத்த படத்திலேயே வெளிச்சத்தையும் பார்த்தால்தான் வாத்து விழும். புதிய டிவியில் அந்த வெள்ளைக் கட்டம் சில படங்கள் கழித்து வருகிறது. அதற்குள் ஆட்டம் பார்த்து முடித்து, தவறிவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. தாமதமே இல்லாத ஒரு எல்இடி டிவி கிடைத்தாலும் அசல் துப்பாக்கி ஏமாறாது. மின்விளக்கை நோக்கிச் சுட்டு யாரும் ஏமாற்றக் கூடாது என்பதற்காக, விநாடிக்குச் சுமார் 15,000 வரி ஓடும் எலக்ட்ரான் கற்றையின் துடிப்பை மட்டும் கவனிக்கும்படி அதன் சுற்றை அமைத்திருக்கிறார்கள். பிளேஸ்டேஷன் 1, 2 துப்பாக்கிகள் வேறு முறையில் இயங்கினாலும் அவற்றுக்கும் டியூப் டிவியே வேண்டும்.

ஆகவே ஓடும் நிலையில் ஒரு டியூப் டிவி வீட்டில் இருந்தால் பழைய இரும்புக்காரரிடம் எடை போடாதீர்கள். 240பி, மின்னும் கதாநாயகன், அருவி, துப்பாக்கி என இந்தப் பக்கங்களில் உள்ள பாதிக் கேள்விகளுக்கு அது செலவில்லாத விடை. பழுதானால் நீங்களே மூடியைத் திறக்க வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் பிக்சர் டியூபில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம்.

கேள்வி: கேசட் போடும் பழைய டிவி கேம். ஆன்டெனா ஒயரில்தான் இணைப்பு. புதிய டிவியில் தேடினால் படம் வருகிறது, ஒலிக்குப் பதில் இரைச்சல் மட்டும் கேட்கிறது. – வாசகர், சிவகாசி

பதில்: இந்தியாவில் ஆன்டெனா வழி வந்த பழைய அனலாக் ஒளிபரப்பு பிஏஎல் பி/ஜி வகையாக இருந்தது, அதில் படத்துக்கும் ஒலிக்கும் உள்ள அலைவரிசை இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். சீனாவின் டி/கே வகையில் 6.5, ஹாங்காங்கின் ஐ வகையில் 6. உங்கள் கருவி இவ்விரண்டில் ஒன்றுக்காகச் செய்யப்பட்டிருக்கலாம். டிவியின் மேனுவல் டியூனிங் பகுதியில் ‘சவுண்ட் சிஸ்டம்’ என்ற வரியை பிஜி-யிலிருந்து டிகே-க்கும் ஐ-க்கும் மாற்றிப் பாருங்கள்.

அதைவிட, கருவியின் பக்கவாட்டில் மஞ்சளும் வெள்ளையும் கொண்ட ஏவி துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பெரும்பாலான கருவிகளில் இருக்கும், யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். இந்த வகைக் கருவிக்கு அதற்கு மேல் நல்ல இணைப்பு கிடையாது. இவை நகலெடுத்த நின்டெண்டோவின் அசல் கருவியிலேயே படச் சில்லு நேரடியாகக் காம்போசிட் சிக்னலைத்தான் உருவாக்குகிறது; கலக்கும் முன் பிரித்தெடுக்க உள்ளே வேறு சிக்னலே இல்லை. டிவியில் ஏவிக்கென்று ஹெட்போன் துளை போன்ற ஒன்று மட்டும் இருந்தால், டிவியுடன் வந்த குட்டை அடாப்டர் ஒயரையே பயன்படுத்துங்கள். வெளியில் வாங்கிய ஒயரில் கம்பிகளின் வரிசை மாறியிருக்கக் கூடும்; படம் வராவிட்டால் மஞ்சள் பின்னைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். படத்தில் மெதுவாக மேலேறும் பட்டை தெரிந்தால், கருவியைச் சந்தேகிக்கும் முன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். மாற்றும்போது வோல்ட் அளவோடு, பின்னின் நடுப்பகுதி நேர்மின்னா எதிர்மின்னா என்று பழைய அடாப்டரின் மேல் உள்ள குறியையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.